ரோபோ கார் ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது எப்படி

அறிவியல் கண்காட்சி நெருங்கும் வாரத்தில் பள்ளி லேபில் மேசைக்கு வரும் வண்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வண்டியின் மூளையாக ஒரு ஆர்டுயினோ உனோ போர்டு, பெரும்பாலும் குளோன், அதாவது வேறு கம்பெனி செய்த நகல். போர்டு சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க ஒரு எல்298என் மோட்டார் டிரைவர். மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டோ நான்கோ. முன்னால் கோட்டைப் பார்க்கும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார், இல்லையென்றால் ஒலியை அனுப்பித் தடையின் தூரத்தை அளக்கும், இரண்டு கண் வைத்த அல்ட்ராசானிக், அந்தக் கண்ணை இடம் வலம் திருப்ப, சொன்ன கோணத்தில் போய் நிற்கும் ஒரு சின்ன செர்வோ மோட்டார். வண்டி ஒரே மாதிரி என்பதால் கோளாறும் ஒரே மாதிரிதான் வருகிறது. திரும்பத் திரும்ப அதே கோளாறுகளைப் பார்த்ததில் எழுதியது இது. உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

போவதற்கு முன் ஒன்று. புரோகிராமைக் கடைசியில் தொடுங்கள். நேற்று ஓடிய புரோகிராம் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடாது. ஒயர் கழன்றிருக்கும், இல்லை பேட்டரி இறங்கியிருக்கும். வண்டி நின்றதும் லேப்டாப்பைத் திறந்து வரிகளை மாற்ற ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் ஒரு கோளாறு இரண்டாகிவிடும், அப்புறம் எது பழையது எது நாம் உண்டாக்கியது என்றே தெரியாது.

கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், தட்டை முனை உள்ள சின்ன ஸ்க்ரூடிரைவர், டேட்டா போகும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு யூஎஸ்பி கேபிள், கொஞ்சம் புது ஜம்பர் ஒயர் இருந்தால் போதும். மீட்டரின் சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில் செருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். யாராவது கரண்ட் அளந்துவிட்டு அப்படியே வைத்திருப்பார்கள். அதோடு பேட்டரியின் வோல்ட் அளக்கப் போனால் அது நேர் ஷார்ட். ஒயரை மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள், இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

## யூஎஸ்பி மாட்டியும் போர்டில் விளக்கே எரியவில்லை

போர்டில் செருகியிருக்கும் எல்லா ஒயரையும் எடுத்துவிட்டு வெறும் போர்டை மட்டும் மாட்டிப் பாருங்கள்.

### வெறும் போர்டில் எரிகிறது

போர்டு நல்லது. உங்கள் ஒயரிங்கில் எங்கோ 5 வோல்ட்டும் கிரவுண்டும் (மைனஸ்) முட்டுகின்றன. ஒயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள், எதைச் செருகும்போது விளக்கு மங்குகிறதோ அணைகிறதோ அங்கே பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு சென்சாரில் விசிசி (பிளஸ்), கிரவுண்ட் இரண்டும் இடம் மாறியிருக்கும். உனோவின் யூஎஸ்பி பக்கம் 500 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் தடுக்கிற ஒரு ஃபியூஸ் இருக்கிறது, அது உருகிப்போகிற வகை இல்லை, ஆறினால் தானாகத் திரும்பிவிடும். அதனால் ஷார்ட்டை எடுத்த பிறகும் உடனே எரியவில்லை என்றால் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

### வெறும் போர்டிலும் எரியவில்லை

கேபிளை மாற்றுங்கள், கணினியில் வேறு ஓட்டையில் செருகுங்கள், அதற்கும் எரியாவிட்டால் வட்ட ஜாக்கில் ஒரு 9 வோல்ட் அடாப்டரை மாட்டிப் பாருங்கள். அடாப்டரில் எரிந்தால் யூஎஸ்பி பக்கம் மட்டும் போயிருக்கிறது. எதிலும் எரியவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மீட்டரை பீப் நிலையில் (இரண்டு முனையும் இணைந்திருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்து 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் வையுங்கள். விடாமல் கத்தினால் போர்டு உள்ளுக்குள் ஷார்ட். குளோன் போர்டு என்றால் அதைச் சரிசெய்யக் கொடுக்காதீர்கள், புதிது சில நூறு ரூபாய்தான், கூலி கட்டுப்படியாகாது. ஒரிஜினல் என்றால் சிப் மாற்றத் தெரிந்த கடைக்கு எடுத்துப்போகலாம்.

### போர்டு எரிகிறது, பிரெட்போர்டில் பாதிக்கு மேல் செத்துக் கிடக்கிறது

பிரெட்போர்டு என்பது சால்டர் இல்லாமல் ஒயரைச் செருகும் ஓட்டைப் பலகை. 830 ஓட்டை கொண்ட நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து சிவப்பு, நீலப் பட்டைகள் நடுவில் அறுந்திருக்கும். பக்கத்தில் போட்ட கோடும் அந்த இடத்தில் விட்டிருக்கும், உற்றுப் பாருங்கள். இரண்டு பாதியையும் சின்ன ஒயரால் இணைத்தால் வேலை முடிந்தது.

## அப்லோடு ஆக மாட்டேன் என்கிறது

### கணினியில் போர்ட்டே காட்டவில்லை

கேபிள்தான். பவர் பேங்கோடு வந்த கேபிள்களில் பல சார்ஜ் மட்டும் போகிறவை. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. கேபிள் சரி என்றால் போர்டில் யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். சிஎச்340 என்று இருந்தால் விண்டோஸில் அதற்கான டிரைவரைப் போட வேண்டியிருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒரு பெயர் நின்றால் அதுதான் காரணம். லினக்ஸில் டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருக்கும், ஆனால் அனுமதி இல்லை என்று பிழை வந்தால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். உபுண்டு 22.04இல் இன்னொரு தொல்லை இருக்கிறது: பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், சிஎச்340ஐத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். போர்ட் ஒரு நொடி தோன்றி மறைந்தால் அதுதான். பிரெயில் கருவி யாரும் பயன்படுத்தாத கணினி என்றால் அதை நீக்கிவிடலாம்.

### போர்ட் தெரிகிறது, ‘நாட் இன் சிங்க்’ என்று சிவப்பில் வருகிறது

0, 1 இரண்டு பின்களிலும் ஏதாவது செருகியிருக்கிறதா பாருங்கள். புளூடூத் மாட்யூலை அங்கே மாட்டிவிட்டு அப்லோடு செய்யப் பார்ப்பதுதான் முக்கால்வாசி காரணம். அதே வழியாகத்தான் புரோகிராமும் உள்ளே போக வேண்டும். மாட்யூலைக் கழற்றி, ஏற்றிவிட்டு, திரும்ப மாட்டுங்கள்.

அடுத்து டூல்ஸ் பட்டியலில் போர்டு பெயர். உனோவை வைத்துக்கொண்டு நானோவைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், அல்லது மறுபடி. நானோ குளோன் என்றால் பிராசசர் என்ற இடத்தில் ஓல்டு பூட்லோடர் என்பதையும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள், அதிலேயே பலருக்குத் தீர்ந்துவிடும்.

இதற்கும் மசியவில்லையா? ரீசெட் பின்னைக் கிரவுண்டோடு ஒரு ஒயரால் இணையுங்கள், 0 பின்னையும் 1 பின்னையும் இன்னொரு ஒயரால் இணையுங்கள், சீரியல் மானிட்டரைத் திறந்து ஏதாவது தட்டி அனுப்புங்கள். அனுப்பிய எழுத்து அப்படியே திரும்பி வந்தால் கேபிள், யூஎஸ்பி சிப், டிரைவர் எல்லாம் நலம். கோளாறு பெரிய சிப்பில் அல்லது அதன் பூட்லோடரில், அதாவது புரோகிராமை உள்ளே வாங்கிக்கொள்ளும் சின்ன மென்பொருளில். இன்னொரு உனோவை வைத்து பூட்லோடரை மறுபடி எழுதலாம், தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் சீக்கிரமே முடிகிற வேலை. எழுத்து திரும்பி வராவிட்டால் யூஎஸ்பி சிப் போய்விட்டது, போர்டை மாற்றுங்கள்.

## மோட்டார் கிளம்பியதும் போர்டு ரீசெட் ஆகிறது

அதிகமாக வருவது இதுதான், அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து சுவிட்சைப் போட்டால் சக்கரம் ஒரு துள்ளு துள்ளி நிற்கும், ஒரு நொடி கழித்து மறுபடி துள்ளும். போர்டில் எல் என்று எழுதிய சின்ன விளக்கு ஒவ்வொரு துள்ளலுக்கும் பின்னால் படபடவென்று சிமிட்டும். செர்வோ இருந்தால் அது ஒவ்வொரு முறையும் நடுவுக்கு வந்து நிற்கும். தரையில் விட்டால் அரை அடி போய் யோசிக்கும். “சார், லூப்புல ஏதோ தப்பு” என்பார்கள். லூப்பில், அதாவது புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில், தப்பே இல்லை. மோட்டார் இழுக்கிற இழுப்பில் போர்டுக்குப் போகிற வோல்ட் சரிகிறது, போர்டு செத்துப் பிழைக்கிறது.

உறுதி செய்ய, டிரைவரில் இருந்து மோட்டார் ஒயர்களை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். புரோகிராம் ரீசெட் ஆகாமல் ஓடினால் மின்சாரம்தான் பிரச்சனை, இனி லேப்டாப்பை மூடி வைக்கலாம்.

### சதுரமான 9 வோல்ட் பேட்டரியா போட்டிருக்கிறீர்கள்?

தூக்கிப் போடுங்கள். அது ரிமோட், மீட்டர் மாதிரி கொஞ்சமாகக் குடிக்கிற சாமான்களுக்கானது. நல்ல ஆல்கலைன் வகையிலேயே சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணிதான் இருக்கும், கடையில் மலிவாகக் கிடைப்பது அதற்கும் கீழே. ஒரு பிஓ மோட்டார் சும்மா ஓடும்போதே நூறு, இருநூறு மில்லி ஆம்பியர் இழுக்கும், நின்ற இடத்தில் இருந்து கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. மீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வைத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டே மோட்டாரை ஓட விடுங்கள். சும்மா இருக்கும்போது 9 காட்டியது, மோட்டார் கிளம்பியதும் ஆறு, ஐந்து என்று சரிவதைக் கண்ணால் பார்க்கலாம். உனோவின் ஜாக்குக்கோ வெளியிலிருந்து பவர் வாங்கும் விஇன் பின்னுக்கோ 7 வோல்ட்டாவது வேண்டும். புது 9 வோல்ட் பேட்டரி போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், அதை நம்பித்தான் கண்காட்சிக்குப் பை நிறைய பேட்டரி வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

### இரண்டு 18650 செல் போட்டும் ரீசெட் ஆகிறதா?

18650 என்பது ரீசார்ஜ் செய்யக்கூடிய உருளை வடிவ லித்தியம் செல். ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்து பாருங்கள். முழு சார்ஜில் 4.2 வோல்ட், 3க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் காலி. ஒன்று 4, இன்னொன்று 3.2 என்று காட்டினால் அந்த ஜோடி சேராது. செல்லின் மேல் 9800, 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தால் அது பொய். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனி கொடுப்பதே 2000 முதல் 3500 வரைதான்.

செல் நன்றாக இருந்தும் வோல்ட் வந்து சேரவில்லை என்றால் வழியில் எங்கோ தின்கிறது. மோட்டார் ஓடும்போது செல்லின் முனைகளிலேயே ஒரு தடவை அளங்கள், டிரைவரின் ஸ்க்ரூ முனையில் ஒரு தடவை அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஹோல்டரின் ஸ்பிரிங், சின்ன ஸ்லைடு சுவிட்ச், முடி மாதிரி ஒயர், இந்த மூன்றில் ஒன்று. ஹோல்டரோடு வரும் ஒயர் ரொம்ப மெல்லிசு, மோட்டார் வழிக்கு மட்டும் கொஞ்சம் தடித்த ஒயரைப் போட்டுச் சால்டர் வையுங்கள். பேட்டரியில் இருந்து டிரைவருக்கும் போர்டுக்கும் பிரெட்போர்டு வழியாகப் பவர் கொண்டுபோகிறீர்களா? அதையும் நிறுத்துங்கள், நேராகக் கொடுங்கள்.

### மோட்டார், செர்வோ எல்லாம் போர்டின் 5 வோல்ட்டில் தொங்குகிறதா?

போர்டின் 5 வோல்ட் பின் சென்சாருக்கு. செர்வோ ஒன்று லேசான சுமையோடு இருந்தால் சில வேளை தாங்கும், மோட்டார் தாங்கவே தாங்காது. மோட்டாரை நேராகப் பின்னில் செருகியிருந்தால் இன்னும் மோசம், உனோவின் ஒரு பின் கொடுக்க வேண்டியது 20 மில்லி ஆம்பியர், 40ஐத் தாண்டினால் பின் போய்விடும்.

இரண்டு 18650 என்றால் அதன் பிளஸ்ஸை எல்298என்னின் 12 வோல்ட் முனைக்கும் உனோவின் விஇன்னுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள், கிரவுண்ட் மூன்றுக்கும் பொது. மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று எழுதிய சின்ன செராமிக் கபாசிட்டர் ஒன்றை சால்டர் செய்தால் தீப்பொறி இரைச்சலால் வரும் ரீசெட்டும் அடங்கும். இது கடைசிப் படி, பேட்டரியைச் சரிசெய்யாமல் கபாசிட்டர் மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

### மோட்டாரே இல்லாமலும் தானாக ரீசெட் ஆகிறது

இப்போது புரோகிராமைப் பார்க்கலாம். உனோவில் ஓடும்போது இருக்கும் நினைவகம் 2 கிலோபைட்தான். 128க்கு 64 ஓஎல்இடி திரையை மாட்டினால் அதன் படத்துக்கே 1 கிலோபைட் போய்விடும். கம்பைல் முடிவில் நினைவகம் குறைவு, நிலைத்தன்மை கெடலாம் என்று எச்சரிக்கை வந்திருந்தும் அதை யாரும் படிப்பதில்லை. சீரியலில் நீளநீளமாக அச்சடிக்கும் வாசகங்களை எஃப் மேக்ரோவுக்குள் போடுங்கள் (அப்போது அவை இந்த நினைவகத்தைப் பிடிக்காது), ஸ்ட்ரிங் வகையைக் குறையுங்கள்.

## மோட்டார் சுற்றவே இல்லை

### இரண்டுமே சுற்றவில்லை

எல்298என்னில் விளக்கு எரிகிறதா? எரிந்தால் கிரவுண்டைப் பாருங்கள். மோட்டாருக்குத் தனி பேட்டரி, போர்டுக்கு யூஎஸ்பி என்று வைத்துவிட்டு இரண்டு கிரவுண்டையும் இணைக்காமல் விட்டிருப்பார்கள். கிரவுண்ட் பொதுவாக இல்லை என்றால் டிரைவருக்குப் போர்டு சொல்வது எதுவும் கேட்காது.

விளக்கு எரியவில்லை என்றால் 5 வோல்ட் ஜம்பர் தொப்பி இடத்தில் இருக்கிறதா பாருங்கள். 12 வோல்ட்டுக்குள் பேட்டரி என்றால் அது இருக்க வேண்டும். நான்கு பென்சில் பேட்டரி போட்டிருந்தால், அதுவும் ரீசார்ஜ் வகை என்றால் மொத்தமே 4.8 வோல்ட், எல்298என் தனக்கென்று 2 வோல்ட் வரை எடுத்துக்கொள்கிற பழைய ரக சிப், மோட்டாருக்கு மிச்சம் என்ன வரும்? 7.4 வோல்ட்டுக்குப் போங்கள்.

### ஒன்று மட்டும் சுற்றவில்லை

சுற்றுகிற மோட்டாரின் ஒயரையும் சுற்றாததன் ஒயரையும் டிரைவரில் இடம் மாற்றுங்கள். கோளாறு மோட்டாரோடு போனால் மோட்டார், டிரைவர் முனையிலேயே நின்றால் டிரைவர் அல்லது அதற்கு முன்னால். மோட்டார் என்றால் முதலில் அந்த சின்னத் தகடு முனையில் சால்டர் பிடித்திருக்கிறதா பாருங்கள், ஒயரை இழுத்து இழுத்து அது பிய்ந்து வந்துவிடும். சால்டர் மங்கலாக, உருண்டையாக மேலே ஒட்டினாற்போல் நின்றால் உள்ளே பிடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி சூடாக்குங்கள். தகடே பிய்ந்துவிட்டால் மோட்டாரை மாற்றுவதுதான் வழி, விலை அதிகம் இல்லை.

டிரைவர் பக்கம் என்றால் ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் இஎன்ஏ, இஎன்பி முனைகளில் ஜம்பர்கள் இருக்கின்றனவா, இல்லை அங்கே வேகத்துக்கான பின்னிலிருந்து ஒயர் வருகிறதா என்று பாருங்கள். இங்கே ஒரு இடக்கு: செர்வோ லைப்ரரியைச் சேர்த்தவுடன் உனோவின் 9, 10 பின்களில் வேகக் கட்டுப்பாடு வேலை செய்யாது. செர்வோ வேறு எந்தப் பின்னில் இருந்தாலும் சரி, 9, 10 போச்சு. தடை பார்த்துத் திரும்பும் வண்டியில் இஎன்ஏவை 9இலோ 10இலோ வைத்திருந்தால் வேகம் நீங்கள் சொன்னபடி வராது. 5, 6 பின்களுக்கு மாற்றுங்கள். பஸ்ஸரில் சத்தம் வர டோன் கட்டளை போட்டால் இதே கதை 3, 11 பின்களுக்கு.

### முனகுகிறது, நகரவில்லை

வேகத்துக்கு 60, 70 என்று எழுதியிருப்பீர்கள். முழு வேகமான 255க்கு 60 என்பது காற்றில் சக்கரத்தைச் சுற்றும், தரையில் வண்டியை நகர்த்தாது. 150இல் தொடங்கி இறக்குங்கள். வேகம் ஏற்றியும் கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால் உள்ளே பல்சக்கரம் போயிருக்கிறது.

### எதிர்த்திசையில் ஓடுகிறது

அந்த மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றிப் போடுங்கள். புரோகிராமைத் தொட வேண்டாம்.

## கோட்டை விட்டு ஓடுகிறது

வீட்டில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் அழகாகக் கோட்டைப் பிடித்துப் போன வண்டி, கண்காட்சி அன்று வராண்டாவில் வைத்ததும் கண்டபடி ஓடும். வெயில்தான் காரணம். ஐஆர் சென்சார் பார்க்கிற அதே வகைக் கதிர் வெயிலிலும் கொட்டிக் கிடக்கிறது. மின்சாரம் நின்று ஜன்னலைத் திறந்தால்கூட அளவு மாறிவிடும்.

ஒவ்வொரு சென்சாரிலும் நீல நிறத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். வண்டியை ஓட்டப்போகிற இடத்திலேயே, ஓட்டப்போகிற நேரத்திலேயே, வெள்ளையின் மேல் சென்சாரை வைத்து அதன் விளக்கு ஒரு நிலை, கறுப்பின் மேல் வைத்தால் மறு நிலை வரும்படி அதைத் திருகுங்கள். எந்த நிறத்துக்கு எரியும் என்பது மாட்யூலுக்கு மாட்யூல் மாறும், அதனால் மாட்யூலை மாற்றினால் புரோகிராமில் உண்மை, பொய் இரண்டையும் தலைகீழாக்க வேண்டி வரலாம். சென்சார் தரையில் இருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், சுற்றிக் கறுப்பு அட்டையில் ஒரு பாவாடை கட்டிவிட்டால் வெயில் உள்ளே வராது. மேசையை நிழலுக்கு நகர்த்துவது இதைவிட எளிது, பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

### திருகியும் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகவே தெரிகிறது

கோட்டை எதில் போட்டீர்கள்? மார்க்கரிலும் ஸ்கெட்ச் பேனாவிலும் போட்ட கோடு நம் கண்ணுக்குக் கன்னங்கரேல் என்றிருக்கும், ஆனால் சில மைகள் அகச்சிவப்புக் கதிரைக் கொஞ்சமும் உறிஞ்சாது, சென்சாருக்கு அது வெள்ளைத் தாளாகவே படும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு துண்டு ஒட்டிச் சோதித்துப் பாருங்கள். டேப்பைப் பார்த்து, மைக் கோட்டைப் பார்க்கவில்லை என்றால் டிராக்கையே மாற்ற வேண்டியதுதான், சென்சாரை அல்ல.

டேப்பும் தெரியவில்லை என்றால் செல்போன் கேமராவைத் திறந்து சென்சாரின் தெளிவான நிற எல்இடியைப் பாருங்கள். கேமராவில் ஊதா நிறத்தில் ஒளிர்ந்தால் அனுப்புகிற பக்கம் நலம். சில போன்களின் பின் கேமரா இதைக் காட்டாது, செல்ஃபி கேமராவில் பாருங்கள். ஒளிரவில்லை, பவர் விளக்கு மட்டும் எரிகிறது என்றால் மாட்யூலை மாற்றுங்கள்.

### நேர்கோட்டில் சரி, வளைவில் விழுகிறது

வேகத்தைக் குறையுங்கள். பிறகு இரண்டு சென்சாருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கோட்டின் அகலத்தைவிடச் சற்றே அதிகம் இருக்கிறதா என்று பாருங்கள். ரொம்ப அகலமாக வைத்தால் வண்டி பாம்பு மாதிரி நெளியும்.

## தடை முன்னால் இருந்தும் போய் முட்டுகிறது

சீரியல் மானிட்டரில் தூரத்தை அச்சடித்து, கையை முன்னால் வைத்துப் பாருங்கள். எழுத்துக்குப் பதில் குப்பையாக வந்தால் மானிட்டரின் வேகமும் புரோகிராமில் எழுதிய வேகமும் வேறு வேறு, 9600க்கு 9600 வையுங்கள்.

### எப்போதும் 0 வருகிறது

அல்ட்ராசானிக்கின் டிரிக் (ஒலி அனுப்பச் சொல்வது), எக்கோ (எதிரொலி வந்ததைச் சொல்வது) ஒயர்கள் இடம் மாறியிருக்கும், இல்லை எக்கோ ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். எச்சி-எஸ்ஆர்04 என்ற அல்ட்ராசானிக்குக்கு 5 வோல்ட் வேண்டும், 3.3இல் மாட்டியிருக்கிறீர்களா பாருங்கள். உனோவுக்குப் பதில் இஎஸ்பி32 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதன் பின் 3.3 வோல்ட்தான் தாங்கும், எக்கோவில் வருவது 5 வோல்ட், நடுவில் இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்துக் கொடுக்காவிட்டால் போர்டின் பின்னே போய்விடலாம்.

### இடையிடையே 0 வருகிறது, அப்போது வண்டி ஒரு நொடி உறைகிறது

எதிரொலி வராவிட்டால், அதன் நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை ஒரு முழு நொடி காத்துக்கொண்டிருக்கும், அதற்குள் வண்டி முட்டிவிடும். மூன்றாவது மதிப்பாக 25000 மைக்ரோ நொடி கொடுத்துவிடுங்கள், 4 மீட்டருக்கு அது போதும். பல புரோகிராம்களில் 0 என்றால் தடை பக்கத்தில் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கும், 0 என்றால் ஒன்றும் தெரியவில்லை என்று மாற்றுங்கள்.

### எப்போதும் 4, 5 என்று ஒரே எண் நிற்கிறது

வண்டியின் சொந்த அட்டையையோ தரையையோ பார்க்கிறது. கண்ணை லேசாக மேலே தூக்குங்கள். திரைச்சீலை, பஞ்சு, சாய்ந்து நிற்கும் அட்டை இவற்றில் இருந்து ஒலி சரியாகத் திரும்பாது, அதற்கு மருந்து கிடையாது. கண்காட்சி மேசையில் செங்கலையோ தடித்த புத்தகத்தையோ தடையாக வையுங்கள்.

## செர்வோ நடுங்குகிறது

பழுப்பு கிரவுண்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு சிக்னல். ஒயர் சரி என்றால் மீண்டும் மின்சாரம்தான். செர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட் கொடுங்கள், கிரவுண்டை மட்டும் போர்டோடு சேருங்கள், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், துருவம் பார்த்து. அதற்குப் பிறகும் ஒரு ஓரத்தில் மட்டும் கிர்ரென்று உறுமினால் 0 அல்லது 180க்குப் போகச் சொல்கிறீர்கள், 10 முதல் 170 வரை வையுங்கள். கையால் திருகிப் பார்த்து உள்ளே நழுவுகிறது என்றால் பல் போய்விட்டது.

## எல்சிடியில் எழுத்து வரவில்லை

வெளிச்சம் மட்டும் இருந்தால் பின்னால் இருக்கும் திருகை மெல்லத் திருகுங்கள். மேல் வரிசையில் மட்டும் கட்டம் கட்டமாக நின்றால் திரைக்குப் புரோகிராம் போய்ச் சேரவில்லை: திரையின் எஸ்டிஏ ஒயர் போர்டின் ஏ4 பின்னில், எஸ்சிஎல் ஒயர் ஏ5 பின்னில் இருக்கிறதா பாருங்கள், முகவரியை 0எக்ஸ்27இல் இருந்து 0எக்ஸ்3எஃப்புக்கு மாற்றிப் பாருங்கள். இவ்வளவுதான்.

## சுடுகிறது, வாசனை வருகிறது

எல்298என்னின் கறுப்புத் தகடு வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். உனோவில் வட்ட ஜாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ரெகுலேட்டர் தொட முடியாமல் சுட்டால் 12 வோல்ட் கொடுத்துவிட்டு 5 வோல்ட் பின்னில் நிறைய தொங்கவிட்டிருக்கிறீர்கள், செர்வோவை முதலில் பிரியுங்கள்.

செல் சுட்டால் கதை வேறு. சுவிட்சை அணைத்து, செல்லைக் கழற்ற முடிந்தால் கழற்றி, வெளியே சிமெண்ட் தரையில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். புகை, சீறல் ஏதாவது இருந்தால் கழற்றவே போக வேண்டாம், எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு ஆசிரியரைக் கூப்பிடுங்கள். மேலுறை கிழிந்த, நசுங்கிய 18650, உப்பிய தட்டை லிப்போ இவற்றை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். டிபி4056 சார்ஜர் போர்டு ஒரு செல்லுக்குத்தான், வரிசையில் இணைத்த இரண்டு செல்லை அப்படியே அதில் மாட்டக்கூடாது. செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைப்பதும் கூடாது. பேக் வேண்டும் என்றால் ஸ்பாட் வெல்டிங் செய்கிற கடையில், செல்லைப் பாதுகாக்கும் பிஎம்எஸ் போர்டோடு கட்டி வாங்குங்கள்.

## ரிலே டக்கென்கிறது, பல்பு எரியவில்லை

தானியங்கித் தெருவிளக்கு, தண்ணீர் மோட்டார் புராஜெக்ட்டுகளில் வருவது. ரிலே என்பது போர்டு சொன்னால் போடும், அணைக்கும் சுவிட்ச். அது தலைகீழாக வேலை செய்கிறது, அதாவது அணைக்கச் சொன்னால் போடுகிறது என்றால் அந்த மாட்யூல் லோ (0 வோல்ட்) கொடுத்தால் இயங்குகிற வகை, புரோகிராமில் மாற்றினால் போதும். சத்தம் வருகிறது, பல்பு இல்லை என்றால் ஒயரை என்ஓ (ரிலே இயங்காதபோது திறந்திருப்பது), என்சி (அப்போது மூடியிருப்பது) இரண்டில் தப்பானதில் முறுக்கியிருப்பீர்கள்.

இவ்வளவையும் 12 வோல்ட் எல்இடி பல்பு வைத்துத்தான் சோதிக்க வேண்டும். 230 வோல்ட் பக்கம் ஒரு ஸ்க்ரூ திருப்ப வேண்டும் என்றாலும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வரட்டும். பிரெட்போர்டில் 230 வோல்ட் கொண்டுவந்த புராஜெக்ட் என்றால் நான் மீட்டரைக்கூட வெளியே எடுக்க மாட்டேன், பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிடுவேன்.

## மேலே எதுவும் பொருந்தவில்லை, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை

பஸ்ஸிலோ வண்டியிலோ எடுத்து வந்தீர்களா? அப்படியென்றால் லூஸ் கான்டாக்ட். வண்டியை ஓட விட்டு ஒவ்வொரு ஜம்பர் ஒயரையும் பென்சில் முனையால் லேசாக ஆட்டுங்கள், எதை ஆட்டினால் துள்ளுகிறதோ அதை மாற்றுங்கள். மலிவு ஜம்பர் ஒயரில் பிளாஸ்டிக் தொப்பிக்குள்தான் அறுந்திருக்கும், வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். பீப் நிலையில் இரண்டு முனையையும் தொட்டு, ஒயரை வளைத்துப் பாருங்கள். டிரைவரின் ஸ்க்ரூ முனைகளில் ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், ஒன்றாவது கையோடு வரும். பட்டன் வைத்த வண்டி என்றால் நான்கு கால் பட்டனை 90 டிகிரி திருப்பிச் செருகிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

அப்போதும் பிடிபடவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றி, போர்டு மட்டும், பிறகு போர்டும் ஒரு மோட்டாரும், பிறகு சென்சார் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் லைப்ரரியோடு வரும் மாதிரிப் புரோகிராமை மட்டும் ஏற்றிச் சோதியுங்கள். கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் இதைச் செய்துகொண்டிருக்காமல் லேப் ஆசிரியரிடமோ கடைக்காரரிடமோ போய்விடுங்கள். சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும் போர்டை மட்டும் கையில் எடுத்துப் போகாதீர்கள். பேட்டரி, ஹோல்டர், சுவிட்ச், ஒயர் எல்லாம் மாட்டியபடியே முழு வண்டியையும் எடுத்துப் போங்கள், எதையெல்லாம் கழற்றியபோது என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் போர்டைக் கொடுத்தால் அவர் மேசையில் அது நன்றாகவே வேலை செய்யும், நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள்.